மழை, நிலநடுக்கம், வலி: தீவிரத்தை உங்கள் துறையில் எப்படி அளக்கிறீர்கள்?

தாமிரபரணி_வடிகால்

எல்லோருக்கும் வணக்கம். நகர மழைநீர் வடிகால் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அண்மையில் பல துறை ஆய்வு மாணவர்கள் கூடிய ஒரு கருத்தரங்கில் நடந்த வாக்குவாதம்தான் இந்த இழையைத் தொடங்கக் காரணம். முழங்கால் வலி பற்றி ஆய்வு செய்யும் ஒரு பெண், நோயாளிகள் 0 முதல் 10 வரை சொன்ன எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, சிகிச்சைக்குப் பிறகு வலியின் தீவிரம் இவ்வளவு குறைந்தது என்று காட்டினார். கேள்வி நேரத்தில் ஒரு பொறியாளர் எழுந்து, வாயால் சொன்ன எண் அளவீடு ஆகாது, அதற்குச் சராசரி எடுப்பதே தவறு என்றார். அந்தப் பெண் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. என் ஆய்வும் முழுக்க முழுக்கத் தீவிரம் (இன்டென்சிட்டி) பற்றியதுதான் என்பதால் அதை அப்படியே விட மனசு வரவில்லை.

என் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையை விட அதிகம். கேட்டாலே பகீர் என்கிறது, ஆனால் அது தொகை. வடிகால் கட்டுகிறவனுக்குத் தேவை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்கிற கணக்கு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். முழுக்கக் கட்டடமும் சிமென்ட் தரையுமாக 10 ஹெக்டேர், விழுகிற மழையில் பத்தில் ஒன்பது பங்கு ஓடி வருகிறது. 50 மி.மீ. மழை 5 மணி நேரத்தில் நிதானமாகப் பெய்தால் வடிகால் வாயில் வினாடிக்குக் கால் கன மீட்டர் தண்ணீர் வரும். அதே 50 மி.மீ. ஒரே மணி நேரத்தில் கொட்டினால் 1.25 கன மீட்டர். மறுநாள் செய்தியில் இரண்டுக்குமே 5 செ.மீ. மழை என்றுதான் வரும். முதல் மழையில் தெரு நனையும், இரண்டாவதில் தரைத்தளத்தில் குடியிருப்பவர் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில் மேல் வைப்பார்.

மும்பையில் 2005 ஜூலை 26 அன்று நடந்தது இதுதான். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ., அதில் பெரும்பகுதி மதியத்துக்கு மேல் சில மணி நேரத்தில். அந்த நகரத்தின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கும்படி போட்டவை. அதே நாளில் தெற்கே கொலாபாவில் 75 மி.மீ. கூடப் பதிவாகவில்லை. ஒரே ஊர், ஒரே நாள்.

என் துறையில் தீவிரம் என்பது நேரத்தால் வகுத்த மழை. தெளிவாக இருக்கிறது, யாரும் சண்டைக்கு வருவதில்லை. உங்கள் துறைகளில் எப்படி? வலி ஆய்வு செய்த அந்தப் பெண் பக்கம் நியாயம் உண்டா?

பூமிப்பலகை

நிலநடுக்கவியல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பொறியாளர் எங்கள் துறைக்கு வந்தால் ரொம்ப சிரமப்படுவார், ஏனென்றால் எங்களிடம் தீவிரம் என்பதே பெரும்பாலும் மனிதர்கள் சொன்னதை வைத்துத்தான் வந்தது.

டிவியில் சொல்கிற ரிக்டர் எண் வேறு, தீவிரம் வேறு. ரிக்டர் எண் பூமிக்குள் நடந்த உடைப்பு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்கிறது, ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். தீவிரம் என்பது உங்கள் தெருவில் எப்படி ஆடியது என்பது, ஊருக்கு ஊர் மாறும். பானை சட்டி உருண்டதா, தூங்கியவர்கள் விழித்தார்களா, சுவரில் விரிசலா, சுவரே விழுந்ததா என்று பார்த்து I முதல் XII வரை ஒரு படி கொடுப்போம். ரிக்டர் தன் அளவுகோலைக் கொடுத்தது 1935இல், தீவிரப் படிகள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே இருக்கின்றன. கருவி இல்லாத காலத்து நிலநடுக்கங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தப் படிகளால்தான். 1897 அசாம் நிலநடுக்கத்தை ஓல்ட்ஹாம் என்ற நிலவியலாளர் ஆராய்ந்தபோது, கற்கள் தரையிலிருந்து மேலே எழும்பி விழுந்திருந்ததைப் பார்த்து, தரை புவியீர்ப்பையே மிஞ்சும் வேகத்தில் முடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். கருவி இல்லாமல்!

1985 செப்டம்பர் 19 மெக்சிகோ. உடைப்பு நடந்த இடம் பசிபிக் கரையில், தலைநகரம் அங்கிருந்து 350 கி.மீ.க்கு அப்பால். கரையோர ஊர்கள் பல தப்பின, தலைநகரத்தில் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். நகரின் நடுப்பகுதி பழைய ஏரிப்படுகை, அடியில் தண்ணீர் ஊறிய மெல்லிய களிமண். அந்தக் களிமண் சுமார் 2 வினாடிக்கு ஒருமுறை ஆடும் அலையைப் பல மடங்கு பெருக்கியது. ஏறத்தாழ 6 முதல் 15 மாடி வரை உள்ள கட்டடங்கள் அந்தத் தாளத்துக்கு அருகில் ஆடுபவை என்பதால் அவைதான் அதிகம் நொறுங்கின, பக்கத்திலேயே இருந்த பழைய சின்ன வீடுகள் பல நின்றன. இதை ரிக்டர் எண் சொல்லவே சொல்லாது. தெருத் தெருவாகப் போட்ட தீவிர வரைபடம்தான் சொல்லும்.

நம் நாட்டில் 1993, மகாராஷ்டிராவின் கில்லாரி. 6.2 தான், உலகக் கணக்கில் நடுத்தரம். கனமான கல்லை மண்ணால் ஒட்டிக் கட்டிய வீடுகள், அதிகாலைத் தூக்கம். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள்.

பழைய_வாத்தியார்

தம்பி வடிகாலுக்கும் பூமிப்பலகைக்கும் வணக்கம். இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பொறியாளர் கேட்ட கேள்வி சரியானது, கேட்ட முறை கடுமையாக இருந்திருக்கலாம்.

நீளத்தை ஏன் அளக்க முடிகிறது? ஒரு குச்சியோடு இன்னொரு குச்சியை ஒட்டி வைத்தால் இரண்டு மடங்கு நீளம் கிடைக்கிறது. எடையும் அப்படியே. தீவிரம் அப்படிப்பட்டது இல்லை. 40 டிகிரி வெந்நீர் ஒரு வாளி, 40 டிகிரி வெந்நீர் இன்னொரு வாளி, அண்டாவில் சேர்த்து ஊற்றினால் 80 டிகிரி ஆகாது, 40 டிகிரியில் இரண்டு வாளி நீர்தான் இருக்கும். வெப்பநிலை, அழுத்தம், அடர்த்தி எல்லாம் இந்த வகை. இவற்றை அளக்க இயற்பியல் சுற்று வழி கண்டுபிடித்தது: பாதரசமோ வாயுவோ எவ்வளவு விரிகிறது என்று கூட்டக்கூடிய ஒன்றோடு விதி மூலம் கட்டிப்போட்டோம். வெப்ப இயக்கவியல் வந்த பிறகுதான் அதற்கும் உறுதியான அடித்தளம் கிடைத்தது. மழைக்கும் அப்படியே, மில்லிமீட்டரும் மணியும் இரண்டுமே கூட்டக்கூடியவை, அதனால் அவற்றின் வகுத்தலில் பிரச்சினை இல்லை.

வலி 7 என்பதை எதோடு கட்டிப்போட்டீர்கள்? 3க்கும் 4க்கும் இடையே உள்ள தூரமும் 8க்கும் 9க்கும் இடையே உள்ள தூரமும் சமம் என்று யார் உறுதி சொன்னது? அது தெரியாமல் சராசரி எடுத்தால் வரிசை எண்களைக் கூட்டுவது மாதிரி. பூமிப்பலகை சொன்ன படிகளும் வரிசைதான், அவர்கள் ரோமன் எண்ணில் எழுதுவது அந்த விஷயத்தில் நல்ல பழக்கம், யாருக்கும் VII ஐயும் IX ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கத் தோன்றாது.

பூமிப்பலகை

வாத்தியார் சார், சரி, ஆனால் எங்கள் ஆட்களும் வகுக்கத்தான் செய்கிறார்கள். இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நிரப்பும் 'உங்களுக்கு ஆடியதா' படிவங்களிலிருந்து தசமப் புள்ளியோடு தீவிரம் கணக்கிடுகிறது அமெரிக்க நிலவியல் அமைப்பு, 1990களின் கடைசியிலிருந்து. தனி மனிதர் ஒருவர் சொல்வதில் மிகை இருக்கும், நூறு பேர் சொன்னால் கருவி காட்டும் முடுக்கத்தோடு வியக்கும்படி ஒத்துப்போகிறது.

ஜப்பானின் கதை இன்னும் சுவாரசியம். அங்கே வானிலை நிலையப் பணியாளர்கள் தங்கள் உடம்பால் உணர்ந்து 0 முதல் 7 வரை தீவிரம் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1996 முதல் முழுக்கக் கருவிக்கு மாற்றிவிட்டார்கள், 5ஐயும் 6ஐயும் கீழ், மேல் என்று பிரித்தார்கள். அந்தக் கருவிக்கான சூத்திரத்தை எப்படி அமைத்தார்கள் என்பதுதான் விஷயம். மனிதர்கள் உணர்ந்து கொடுத்துவந்த படிகளோடு பொருந்தும்படி அமைத்தார்கள். உடம்பு சொன்னதைக் கருவிக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

கஜா_தென்னை

புயல் பக்கமும் இதே கதைதான் என்று சொல்ல வந்தேன். நடுக்கடலில் புயலுக்குள் போய்க் காற்றை அளக்க நம் பக்கம் விமானம் போவதில்லை. செயற்கைக்கோள் படத்தில் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது, கண் தெரிகிறதா என்று பார்த்து டிவோராக் முறையில் 1 முதல் 8 வரை அரை அரைப் படியாக எண் கொடுத்து, அதிலிருந்து காற்றின் வேகத்தைச் சொல்கிறார்கள். பார்த்துச் சொல்கிற கண்ணுக்குப் பயிற்சி வேண்டும், இரண்டு நிபுணர்கள் அரைப் படி மாறுபடலாம்.

இன்னொன்று, காற்றின் வேகம் எத்தனை நிமிடச் சராசரி என்பதே நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1 நிமிடம், இந்திய வானிலைத் துறை 3 நிமிடம், உலக வானிலை அமைப்பின் பரிந்துரை 10 நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று எண் வரும், மூன்றும் சரி.

2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எங்கள் தோப்பு போனது. புயலின் வகையைக் கேட்டு, ரொம்பப் பெரிது இல்லை என்று இருந்தவர்கள் பலர். வேரோடு சாய்ந்த தென்னைக்கு வகை தெரியாது. நம் ஊரில் எவ்வளவு அடிக்கும் என்பதைத்தான் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

பிசியோ_மலர்

வலி பற்றி நான் பேசியே ஆக வேண்டும். எலும்பு மூட்டுப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வும் செய்கிறேன்.

வாத்தியார் சார், நீங்கள் கேட்டது எங்களுக்கும் தெரிந்த பிரச்சினை. நாற்று நடுகிற அம்மா ஒருவர் வந்தார். எவ்வளவு வலி என்று கேட்டால், 'கொஞ்சம்தான், மூணு போட்டுக்கம்மா' என்கிறார், முழங்காலை மடக்கும்போது மேசை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போகின்றன. அடுத்து வந்த இளைஞர் 9 என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டே காலை நீட்டினார். இரண்டு பேர் மீதும் சந்தேகப்பட எனக்கு உரிமை இல்லை. 10 என்றால் என்ன என்பது ஆளுக்கு ஆள் வேறு. பிரசவ வலியை 10 என்று வைத்திருப்பவருக்கும், அதிகபட்சம் பல்வலி மட்டும் கண்டவருக்கும் ஒரே அளவுகோல் இருக்காது. அதனால்தான் ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதை விட, அதே ஆளின் முன்னும் பின்னும் ஒப்பிடுவதை நம்புகிறோம். 2001இல் வெளியான ஒரு பெரிய பகுப்பாய்வில், 11 புள்ளி அளவில் (0 முதல் 10 வரை) சுமார் 2 புள்ளி அல்லது 30 சதவீதம் குறைந்தால்தான் நோயாளிகள் 'நன்றாகக் குறைந்திருக்கிறது' என்கிறார்கள் என்று கண்டார்கள். அந்த எல்லையை நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம்.

இதை விட்டுவிட்டு வேறு எதை அளப்பது? எக்ஸ்ரேயைப் பார்த்தா? தேய்மானம் பயங்கரமாகத் தெரியும், ஆள் நடந்து வருவார். படம் சுத்தமாக இருக்கும், ஆளால் மாடி ஏற முடியாது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் ஹென்றி பீச்சர் என்ற மயக்கவியல் மருத்துவர் பலத்த காயம்பட்ட வீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார், பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். பிற்பாடு அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பொதுமக்களிடம் ஒப்பிட்டபோது, அதை விடச் சிறிய காயத்துக்கே பெரும்பாலோர் மருந்து கேட்டார்கள். வீரனுக்கு அந்தக் காயம் உயிரோடு வீடு திரும்பும் சீட்டு. காயத்தின் அளவை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் வலி கிடைக்காது, கேட்டால்தான் கிடைக்கும்.

பழைய_வாத்தியார்

கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அம்மா. கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக் கணக்கு போடும்போதுதான் எனக்குத் தயக்கம். அந்த எண்ணைக் கருவி காட்டிய எண்ணைப் போல நடத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே அறிவீர்கள்.

பிசியோ_மலர்

அறிவேன் சார். அமெரிக்காவில் 1990களில் வலியை ஐந்தாவது உயிர்க்குறி என்று அறிவித்தார்கள், நாடி, ரத்த அழுத்தம் மாதிரி எல்லா நோயாளியிடமும் எண் வாங்கி விளக்கப்படத்தில் போடச் சொன்னார்கள். எண் அதிகமாக இருந்தால் குறைக்க வேண்டும் என்ற அழுத்தம் வந்தது, ஓபியாய்ட் (அபின் வகை வலி நிவாரணி) மாத்திரைகள் தாராளமாக எழுதப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள். மருந்துக் கம்பெனிகளின் விளம்பரம் உட்பட வேறு காரணங்களும் உண்டு. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்த ஐந்தாவது குறியைக் கைவிடச் சொன்னது. அதற்காக நோயாளியிடம் கேட்பதை நிறுத்தவில்லை. எண்ணோடு சேர்த்து, தூங்க முடிகிறதா, குந்த முடிகிறதா, கடைக்கு நடந்து போக முடிகிறதா என்றும் கேட்கத் தொடங்கினார்கள்.

சுவடிக்கூடம்

அறிவியல் வரலாறு படிக்கிறவன். நீங்கள் இருவரும் இப்போது பேசுவது 1932இல் பிரிட்டனில் ஒரு குழுவே அமைத்துப் பேசிய வாதம்.

பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் இயற்பியலாளர்களையும் உளவியலாளர்களையும் ஒரே குழுவில் உட்கார வைத்தது. தலைவர் பெர்குசன். கேள்வி: ஒலி எவ்வளவு பலமாகக் கேட்கிறது, ஒளி எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்ற உணர்வின் தீவிரத்தை எண்ணால் அளக்க முடியுமா? நார்மன் கேம்பெல் என்ற இயற்பியலாளர் வாத்தியார் சொன்னதையே சொன்னார்: ஒட்டி வைத்துக் கூட்டும் செயல் இல்லாத இடத்தில் அளவீடு இல்லை. உளவியலாளர்கள் ஒப்பவில்லை. 1940 வரை இழுத்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இறுதி அறிக்கையில், உணர்வைக் கூட்டுவது என்றால் என்ன என்று பொருள் சொல்லும் வரை உணர்வின் தீவிரம் பற்றிய எந்த விதிக்கும் அர்த்தமே இல்லை என்ற கடுமையான நிலைப்பாடும் இடம்பெற்றது.

அந்தக் குழுவில் ஜான் கில்ட் இருந்தார். கேம்பெல் பக்கம். இவர் யார் தெரியுமா? தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 7 பேரை உட்கார வைத்து, மூன்று விளக்குகளின் ஒளியைக் கலந்து ஒரு நிறத்தோடு பொருத்தச் சொல்லி அளவெடுத்தவர். அந்த அளவுகளும் ரைட் என்பவர் 10 பேரிடம் எடுத்தவையும் சேர்ந்துதான் 1931இல் சர்வதேச நிற அளவைத் தரம் ஆனது. இன்று மானிட்டர், அச்சு, பெயின்ட் எல்லாவற்றுக்கும் அடிப்படை அது.

கேண்டெலாவையும் பாருங்கள். எஸ்.ஐ. முறையின் 7 அடிப்படை அலகுகளில் ஒன்று, ஒளிச்செறிவுக்கானது. வெறும் ஆற்றல் கணக்கு என்றால் வாட் போதுமே. மனிதக் கண் பச்சைக்கு அதிகமாகவும் சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைவாகவும் எதிர்வினை காட்டுவதை 1924இல் தரப்படுத்தி, அதை வைத்துத்தான் ஒளியளவியல் நிற்கிறது. அடிப்படை அலகுக்குள்ளேயே மனிதன் உட்கார்ந்திருக்கிறான்.

பழைய_வாத்தியார்

கில்ட் பற்றிச் சொன்னது அருமை, ஆனால் அது என் பக்கம்தான் சாயும். கில்ட் அந்த 7 பேரிடம் 'இந்த ஒளி எவ்வளவு பிரகாசம், எண் சொல்' என்று கேட்கவில்லை. இடது பாதியும் வலது பாதியும் ஒன்றாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். ஒன்றாகத் தெரியும் வரை விளக்குகளைத் திருகினார்கள், எண் விளக்கிலிருந்து வந்தது. தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது போல மனிதக் கண்ணைப் பயன்படுத்தினார். சமமா இல்லையா என்று சொல்ல மனிதன் நல்ல கருவி, எவ்வளவு என்று சொல்வதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. கேண்டெலாவுக்கும் இதே பதில்.

சுவடிக்கூடம்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அந்த வேறுபாடு முக்கியமானது. அதற்குப் பதிலையும் கேளுங்கள்.

அந்தக் குழுவில் அடிபட்ட ஒலி அளவுகோல் ஹார்வர்டில் இருந்த ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளருடையது. அவர் சும்மா இருக்கவில்லை. 1946இல் அளவுகோல்களைப் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பிரித்து எழுதினார். இன்று எந்தப் புள்ளியியல் பாடத்திலும் முதல் வாரத்தில் வரும் அந்த நான்கு வகை இந்தச் சண்டையில் பிறந்தது. 1960 வாக்கில் இன்னொரு படி போனார். மக்களிடம் எண்ணே கேட்காமல், ஒரு ஒலியைக் கேட்கச் செய்து, அது எவ்வளவு பலமாகத் தெரிகிறதோ அவ்வளவு பலமாகக் கைப்பிடிக் கருவியை அழுத்தச் சொன்னார்கள். ஒளிக்கும் அப்படி, அதிர்வுக்கும் அப்படி. எண் சொல்லச் சொல்லிக் கிடைத்த விதிகளிலிருந்து கணித்தபடியே அழுத்தமும் வந்தது. நீங்கள் நம்புகிற 'சமமா' என்ற தீர்ப்பு மட்டும்தான் இதில் இருக்கிறது, ஒரு புலனுக்கும் இன்னொரு புலனுக்கும் இடையே.

ஒளியின் ஆற்றல் 8 மடங்கானால் பிரகாசம் ஏறத்தாழ 2 மடங்குதான் தெரிகிறது. மின் அதிர்ச்சி நேர்மாறு, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே உணர்வு எங்கோ போய்விடுகிறது. உடம்பு ஒவ்வொரு தீவிரத்தையும் ஒவ்வொரு விதமாக மடக்குகிறது.

கேம்பெலின் நிபந்தனைக்கும் பதில் வந்தது, 1964இல். லூஸ், டூக்கி என்ற இருவர், ஒட்டி வைத்துக் கூட்டும் செயல் இல்லாமலேயே, இரண்டு காரணிகளை மாற்றி மாற்றி வரிசைகளை மட்டும் பார்த்து, அந்த வரிசைகள் சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடைவெளிகளுக்கும் பொருள் உண்டு என்று கணிதமாக நிறுவினார்கள். வலிக்கு அந்த நிபந்தனை நிறைவேறுகிறதா என்பது சோதித்துப் பார்க்க வேண்டியது. முடியவே முடியாது என்று முன்கூட்டிச் சொல்ல இனி இடமில்லை, நிறைவேறிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சராசரி எடுக்கவும் இடமில்லை.

நரம்பும்_நானும்

நரம்பியல் மாணவி, ஒரு விஷயம் மட்டும். 1920களில் எட்கர் ஏட்ரியன் ஒற்றை நரம்பிழையிலிருந்து மின் துடிப்புகளைப் பதிவு செய்தபோது, தூண்டலை வலுவாக்கினாலும் துடிப்பு பெரிதாவதில்லை என்று கண்டார். ஒவ்வொரு துடிப்பும் அதே அளவுதான், வலுவான தூண்டலுக்கு அடிக்கடி வருகிறது. அதாவது நரம்பில் தீவிரம் என்பது வினாடிக்கு எத்தனை துடிப்பு என்கிற எண்ணிக்கை. 1932இல் நோபல் பரிசு.

தாமிரபரணி அண்ணா, உங்கள் தானியங்கி மழைமானியில் சின்ன வாளி நிரம்பிக் கவிழுமே, அதுவும் இதே போலத்தானே வேலை செய்கிறது?

தாமிரபரணி_வடிகால்

ஆமாம், அப்படியே! கவிழ் வாளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தண்ணீர்தான் கொட்டும், கருவியைப் பொறுத்து 0.2 மி.மீ. அல்லது 0.5 மி.மீ. குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை கவிழ்ந்தது என்பதுதான் தீவிரம். பேய்மழையில் வாளி கவிழ்கிற நேரத்துக்குள் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போகும், அதனால் மிகத் தீவிரமான மழையைக் கருவி குறைத்தே காட்டும், திருத்தம் போட வேண்டும். நரம்பும் ஓரளவுக்கு மேல் வேகமாகத் துடிக்க முடியாது என்று நினைக்கிறேன், சரியா?

நரம்பும்_நானும்

சரி. ஒரு துடிப்புக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி அடுத்த துடிப்பு வரவே வராது. அதனால் உச்சத்தில் அங்கேயும் மடங்கிவிடும். அதைத் தாண்டிய தீவிரத்தைச் சொல்ல உடம்பு கூடுதல் நரம்பிழைகளைச் சேர்த்துக்கொள்கிறது.

கணக்கு_வழக்கு

பொருளியலிலிருந்து ஒரு எச்சரிக்கை. எங்களிடம் தீவிரம் என்பது பெரும்பாலும் ஒரு விகிதம், அதைக் காட்டி மொத்தத்தை மறைப்பது எளிது. இந்தியா பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டது பசுங்குடில் வாயு உமிழ்வின் தீவிரத்தைக் குறைப்பது, அதாவது ஒரு ரூபாய் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்பதை 2005 நிலையிலிருந்து 2030க்குள் 45 சதவீதம் குறைப்பது. 2022இல் உயர்த்திய இலக்கு அது, முதலில் 33 முதல் 35 என்று இருந்தது. வளரும் நாட்டுக்கு அது நியாயமான இலக்கு என்பதே என் கருத்து. ஆனால் உற்பத்தி 3 மடங்காகித் தீவிரம் பாதியானால் மொத்த உமிழ்வு ஒன்றரை மடங்கு. வளிமண்டலத்துக்குத் தெரிவது மொத்தம்தான். மழையில் தொகையைச் சொல்லித் தீவிரத்தை மறைக்கிறார்கள் என்று தாமிரபரணி வருத்தப்பட்டார், எங்கள் பக்கம் அது தலைகீழ்.

சுவடிக்கூடம்

இந்த இரண்டும் ஒரே படத்தில் வரும். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் நிக்கோல் ஒரேம் என்ற பாதிரியார் அந்தப் படத்தை வரைந்தார். அதற்கு முன் இருநூறு ஆண்டுகளாக ஐரோப்பிய இறையியலாளர்களுக்கு ஒரு கேள்வி இருந்தது: ஒருவன் நெஞ்சில் உள்ள அன்பு கூடவும் குறையவும் முடியுமா, முடியும் என்றால் எது கூடுகிறது? அன்போடு அன்பைச் சேர்க்கிறார்களா, இல்லை அதே அன்பு அழுத்தமாகிறதா? 12ஆம் நூற்றாண்டு இறையியலாளர் பீட்டர் லம்பார்டின் நூலில் தொடங்கிய இந்தக் கேள்வியிலிருந்து வெப்பம், வெண்மை, வேகம் எல்லாவற்றுக்கும் விவாதம் பரவியது. ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரியில் 1330களிலும் 40களிலும் சீராகக் கூடும் வேகத்துக்கு நடு வேகத்தை வைத்துத் தூரம் கணக்கிடலாம் என்று கண்டார்கள்.

ஒரேம் கீழே ஒரு கோடு போட்டார், அது நேரம் அல்லது இடம். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்தாகத் தீவிரத்தை உயரமாக நிறுத்தினார். மொத்தம் என்பது அந்த வடிவத்தின் பரப்பு. உயரத்தைச் சொன்னால் பரப்பு தெரியாது, பரப்பைச் சொன்னால் உயரம் தெரியாது. வடிகாலுக்கு உயரம் வேண்டும், ஏரிக்குப் பரப்பு வேண்டும், வளிமண்டலத்துக்குப் பரப்பு வேண்டும், இடிந்து விழும் சுவருக்கு உயரம் வேண்டும்.

பிசியோ_மலர்

இது எனக்கு நேரடியாக உதவுகிறது. நாங்கள் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் எண் கேட்கிறோம். இரவு 2 மணிக்கு ஒரு மணி நேரம் 9, மற்ற நேரம் 2 என்று இருப்பவரும், நாள் முழுக்க 4 என்று இருப்பவரும் எங்கள் தாளில் ஒன்றாகத் தெரியக்கூடும். முதலாமவர் தூக்கத்தை இழக்கிறார், இரண்டாமவர் வேலையை இழக்கிறார், சிகிச்சையும் வேறு. அதிகபட்சம், குறைந்தபட்சம், எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகக் கேட்கும் படிவங்கள் உண்டு, நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் யாரும் நிரப்புவதில்லை. என் ஆய்வில் அதை வைக்கப் போகிறேன்.

பழைய_வாத்தியார்

வையுங்கள் அம்மா. சராசரியோடு நடுமதிப்பையும், எத்தனை பேருக்கு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்ற எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுங்கள். எண்ணிக்கையைப் பற்றி எந்த இயற்பியல்காரனும் கேள்வி கேட்க முடியாது. சராசரியைப் பற்றி என் தயக்கம் அப்படியே இருக்கிறது, லூஸ், டூக்கி நிபந்தனைகளை வலிக்கு யாராவது முறையாகச் சோதித்துக் காட்டும் வரை.

தாமிரபரணி_வடிகால்

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பெண்ணின் மின்னஞ்சல் முகவரி கருத்தரங்கக் கையேட்டில் இருக்கிறது, இந்த இழையின் இணைப்பை அனுப்புகிறேன். மலர் அக்கா, முடிந்தால் அந்தப் படிவத்தின் பெயரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அதையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

என் ஆய்விலும் ஒன்றை மாற்றப் போகிறேன். மண் அரிப்புக் கணக்கில் ஒரு மழையின் உச்ச 30 நிமிடத் தீவிரத்தைத் தனியாக எடுத்து மொத்த ஆற்றலோடு பெருக்குவார்கள், மண்ணைப் பெயர்ப்பது உச்சம், அடித்துக்கொண்டு போவது மொத்தம் என்பதால். தெரு வெள்ளத்துக்கும் அதே போல இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் போட்டு, எந்தத் தெருவில் எது வெள்ளத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறேன். 15 நிமிடத் தரவு கையில் இருக்கும் மழைமானிகளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.